பரிசு வேறு, செய்முறை வேறு

நவம்பர் கடைசி வாரத்தில் தேவகோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். நோட்டில் கிழித்த தாளில் ஏழு பக்கம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, விஷயத்தை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வயது 34. தனியார் பள்ளியில் ஆசிரியை, சம்பளம் 14,000 ரூபாய். கணவர் எலெக்ட்ரிகல் கடையில் வேலை பார்க்கிறார், 18,000 ரூபாய். மகன் ஐந்தாவது, மகள் இரண்டாவது. மாமியாரும் இவர்களோடுதான் இருக்கிறார். வாடகை, பள்ளிக் கட்டணம், ஃபிரிட்ஜ் தவணை எல்லாம் போக மாதம் 2,000 ரூபாய் மிஞ்சினால் பெரிது. கணவரின் அக்கா குடும்பம் சென்னையில் வசதியாக இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவர்கள் இவருக்குப் பட்டுச்சேலை, கணவருக்குக் கைக்கடிகாரம், பிள்ளைகளுக்கு ஒரு டேப் என்று அள்ளிக்கொண்டு வந்தார்கள். இவர் பதிலுக்குக் கொடுத்தது ஒரு எவர்சில்வர் டிபன் கேரியரும் பிள்ளைகளுக்கு உடுப்பும். நாத்தனார் அதைக் கையில் வாங்கி, "இதெல்லாம் எதுக்கு வாங்குன?" என்றாராம். கிளம்பும்போது கேரியரை எடுத்துப்போகவும் இல்லை. "அது இன்னும் அட்டைப் பெட்டியோடு எங்கள் பரணில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது" என்று எழுதியிருக்கிறார்.

இந்த வருஷம் விட்டதைப் பிடிக்க ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். நாத்தனாருக்குப் பட்டு, அவர் கணவருக்கு வாட்ச், கொழுந்தனார் குடும்பத்துக்குத் துணிமணி, ஞானஸ்நானத்தில் இவர் ஞானத்தாயாக நின்ற ஞானப்பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு, பள்ளியில் கூட வேலை பார்க்கும் பதினோரு பேருக்கு ஆளுக்கு 200 ரூபாயில் ஏதாவது, அக்கம்பக்கத்துக்குக் கேக். கூட்டினால் 38,500 ரூபாய். கணவருக்குத் தெரியாமல் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைக்கலாமா, இல்லை ஐந்தே நிமிடத்தில் 40,000 தருவதாகச் சொல்லும் செயலியில் வாங்கலாமா என்பது கேள்வி. கடைசி வரி இது: "பரிசு கொடுக்காமல் இருந்தால் என் வீட்டுக்காரருக்குத்தானே மரியாதைக் குறைவு?"

அன்புச் சகோதரி,

உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். யாருக்கு எது பிடிக்கும் என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் போன வருஷம் அவர்கள் தந்தது என்ன, அதன் விலை எவ்வளவு இருக்கும் என்பது மட்டும் இருக்கிறது. இதை நம் ஊரில் வேறு பெயர் வைத்து அழைப்போம். செய்முறை.

செய்முறையைக் குறைத்துச் சொல்லவில்லை. கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபுகுதல் என்று ஒரு குடும்பத்துக்குப் பெரிய செலவு வரும்போது உறவு முழுக்கக் கூடி ஆளுக்குக் கொஞ்சம் தோள் கொடுப்பது மொய். நோட்டுப் போட்டு ஊர், பேர், தொகை எழுதுகிறோம். நமக்குச் செய்தவருக்கு அவர் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூடவே வைத்துத் திருப்பிச் செய்கிறோம். வட்டியில்லாக் கடன் மாதிரி அது நன்றாக நடக்கிறது. ஆனால் கல்யாணம் ஒரு வீட்டில் எப்போதோ ஒருமுறை வருவது. கிறிஸ்துமஸ் வருஷா வருஷம் வரும். அதற்கும் மொய் நோட்டுப் போட்டால் ஒரு வருஷமும் கணக்கு நேராகாது. இந்த வருஷம் நீங்கள் பட்டு எடுத்துக் கொடுத்தால் அடுத்த வருஷம் அவர்கள் அதைவிட ஒரு படி மேலே போவார்கள். அப்புறம்? அடுத்த சங்கிலிக்கு எங்கே போவீர்கள்?

எனக்கு ஞானத்தாய் ஒருவர் இருந்தார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு கைக்குட்டை தருவார். வெள்ளைத் துணியை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, ஒரு மூலையில் நீல நூலால் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருப்பார். பதினொரு வருஷம், பதினொரு கைக்குட்டை. பிந்தியவற்றில் தையல் கொஞ்சம் கோணியிருக்கும், கண் மங்கிவிட்டது. என் அம்மா ஒருநாளும் அதற்கு ஈடாக அவருக்கு என்ன செய்வது என்று கணக்குப் பார்த்ததில்லை. நாங்கள் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோம், அவ்வளவுதான்.

நாத்தனார் சொன்ன வார்த்தை

"இதெல்லாம் எதுக்கு வாங்குன?" என்பதை நீங்கள் ஏளனமாக எடுத்துக்கொண்டு ஒரு வருஷம் சுமந்திருக்கிறீர்கள். ஏளனமாகவும் இருக்கலாம், நான் அந்த இடத்தில் இல்லை. ஆனால் நம் பக்கத்தில் பிரியமானவர்களிடம் எதையாவது வாங்கும்போது முதலில் வாயில் வருவது இந்த வாக்கியம்தான். உங்கள் அம்மாவுக்கு நீங்கள் சேலை எடுத்துக் கொடுத்தால் என்ன சொல்வார் என்று நினைத்துப் பாருங்கள். தம்பி வீட்டில் வருமானம் எவ்வளவு என்று அக்காவுக்குத் தெரியும். "உங்களுக்கு இருக்கும் கஷ்டத்தில் எனக்கு எதற்குச் செலவு" என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னாரோ என்னவோ. கேரியரை விட்டுப் போனதற்கும் ரயிலில் நாலு பேர் மூட்டைமுடிச்சோடு போனது காரணமாக இருக்கலாம்.

அவர்கள் தங்கியிருந்த நாலு நாளும் நீங்கள் விடிகாலை எழுந்து பன்னிரண்டு பேருக்குச் சமைத்ததையும், உங்கள் அறையை விட்டுக்கொடுத்துவிட்டுத் தாழ்வாரத்தில் படுத்ததையும் எழுதியிருக்கிறீர்கள். அது பட்டுச்சேலைக்குக் குறைந்ததில்லை. ஆனால் தயவுசெய்து அதையும் வரவில் எழுதி நேர் பண்ண வேண்டாம். எழுதினால் மறுபடியும் மொய் நோட்டுதான். விருந்தாளி வந்தார்கள், பார்த்துக்கொண்டீர்கள். அது அப்படியே இருக்கட்டும்.

சங்கிலியும் செயலியும்

முதலில் உரிமையைச் சொல்கிறேன். சங்கிலி உங்களுடையது. அதை அடகு வைக்கக் கணவரின் அனுமதி சட்டப்படி தேவையில்லை. ஆனால் உங்கள் கழுத்தில் சங்கிலி இல்லாததை அவர் எத்தனை நாளில் கவனிப்பார்? பண்டிகை அன்று காலையிலேயே மாமியார் கேட்டுவிடுவார். அவருடைய மரியாதைக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்கிறீர்கள். எல்லோர் முன்னாலும் அவருக்கு இது தெரியவந்தால் எது பெரிய மரியாதைக் குறைவு?

"நகைக்கடன் கடனே இல்லை, நம் பொருள்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். 40,000 ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீதத்தில் வாங்கினால் வருஷத்துக்கு 4,800 ரூபாய் வட்டி. அடகுக்கடையில் ரெண்டு வட்டி என்றால் மாதம் 800, வருஷத்துக்கு 9,600. உங்கள் கையில் மிஞ்சுவது மாதம் 2,000. அசலை மட்டும் அடைக்கவே இருபது மாதம் ஆகும். வட்டியையும் சேர்த்தால் இன்னும் தள்ளும். அதற்குள் இன்னொரு கிறிஸ்துமஸ் வந்து போயிருக்கும். எதற்காகவாவது எப்போதாவது அடகு வைக்க நேர்ந்தால், எடை, தரம், வட்டி விகிதம் மூன்றும் எழுதிய ரசீது இல்லாமல் நகையைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். வங்கியோ நிதி நிறுவனமோ ஏலம் விடுமுன் உங்களுக்கு அறிவிப்புத் தர வேண்டும். ஏலத்தில் கடன் போக மிச்சம் வந்தால் அது உங்கள் பணம். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றால் அந்தச் சங்கிலியை வையுங்கள், நானே சொல்வேன். வாட்சுக்காக வேண்டாம்.

செயலிக் கடன் இதைவிட மோசம். ஐந்து நிமிடத்தில் பணம் வரும் என்பது உண்மை. எவ்வளவு வரும் என்பதுதான் கேள்வி. செயலாக்கக் கட்டணம் என்று முதலிலேயே ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் தருவதற்கு முன் எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை ஒரு தாளில் காட்ட வேண்டும். பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். மனம் மாறினால் அபராதம் இல்லாமல் திருப்பித் தர ஒரு குறுகிய அவகாசமும் உண்டு. உங்கள் போனில் இருக்கும் தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி எடுக்கக் கூடாது. வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. எந்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பணம் என்று சொல்லாத, தொடர்பு எண்களைக் கேட்கிற செயலி என்றால் இப்போதே அழித்துவிடுங்கள். ஏற்கெனவே விவரம் கொடுத்து யாராவது மிரட்டினால் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளுக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள். இந்த விஷயத்தில் என்னிடம் வந்தவர்களில் பலர் மூன்று மாதம் தாமதமாகத்தான் வந்தார்கள்.

மகளிர் குழுக் கடனைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பு ஏற்றுக்கொண்டு வாங்கும் பணம். அதில் பரிசு வாங்காதீர்கள்.

சரி, என்னதான் கொடுப்பது?

பன்னிரண்டு பேர் கூடுகிறீர்கள். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும் என்றால் 132 பரிசு ஆகிறது. அதனால்தான் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கிறிஸ்துமஸுக்குச் சீட்டுக் குலுக்கி 'கிறிஸ் சைல்ட்' எடுப்பார்கள். நீங்களும் எடுத்திருப்பீர்கள். அதையே வீட்டில் செய்யுங்கள். பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு சீட்டு, ஆளுக்கு ஒரு பெயர். 300 ரூபாயைத் தாண்டக் கூடாது, யாருக்கு யார் என்பதை 24ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடிந்து வரும்வரை சொல்லக் கூடாது. பன்னிரண்டு பரிசில் உங்கள் வீட்டுப் பங்கு ஐந்து, 1,500 ரூபாய். சென்னைக்காரர்களுக்கான சீட்டை உங்கள் மகன் போனில் வீடியோ போட்டுக்கொண்டே எடுக்கட்டும், அதுவே ஒரு கொண்டாட்டம்.

இதை நாத்தனாரிடம் யார் சொல்வது? நீங்கள் வேண்டாம். உங்கள் கணவர் சொல்லட்டும். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளும்போது சம்பந்தியம் இடையில் வராது. இந்த வாரமே சொல்ல வேண்டும், அவர்கள் கடைக்குப் போய்விட்டால் பிறகு சொல்வது சங்கடம். "அக்கா, இந்த வருஷம் யாரும் பெருசா எதுவும் வாங்க வேணாம், பிள்ளைகளோட சேர்ந்து சீட்டுப் போடுவோம்னு இருக்கோம். 300 ரூபாய்க்குள்ள. எங்களுக்கு இப்ப அதுக்கு மேல முடியல" என்று அந்தக் கடைசி வரியையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்கள் கணவர் தயங்கலாம். ஆனால் கூடப்பிறந்தவளிடம் சொல்ல முடியாததை வேறு யாரிடம் சொல்வது? அதற்கு முன்னால் நீங்கள் அவரிடம் இந்தப் பட்டியலைக் காட்ட வேண்டியிருக்கும். இன்றைக்கு ராத்திரியே காட்டுங்கள்.

அவர்கள் கேட்காமல் மறுபடியும் பட்டோடு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சந்தோஷமாக வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும் கடமை இல்லாமல் ஒன்றை வாங்கிக்கொள்வதும் ஒரு பழக்கம்தான், கொஞ்சம் பழக வேண்டும்.

சீட்டுக்கு மேல் ஒரே ஒரு பரிசு சொல்கிறேன். கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், மாமனார் ஓரியூர் அருளானந்தர் கோயில் திருவிழாவில் எடுத்துக்கொண்ட பழைய படம் மாமியாரின் டிரங்குப் பெட்டியில் மடிப்பு விழுந்து கிடக்கிறது என்று. அதை ஸ்டுடியோவில் கொடுத்துச் சரிசெய்து மூன்று பிரதி எடுங்கள். ஒன்று மாமியாருக்கு, ஒன்று நாத்தனாருக்கு, ஒன்று கொழுந்தனாருக்கு. சாதாரணச் சட்டத்தோடு மூன்றுக்கும் ஆயிரத்துச் சொச்சம் ஆகலாம், முன்கூட்டியே விலை கேட்டுக்கொள்ளுங்கள். அருளானந்தர் கோயில் முன்னால் அப்பா நிற்கும் படத்தை எந்தச் சென்னைக் கடையிலும் உங்கள் நாத்தனார் வாங்க முடியாது.

ஞானப்பிள்ளைக்குக் கொலுசு வேண்டாம். இந்த வருஷம் கொலுசு என்றால், அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு என்ன செய்வீர்கள்? அந்தச் சமயத்துக்கு இப்போதிருந்தே வங்கியில் மாதம் 200 ரூபாய் தொடர்வைப்பு போடுங்கள். இப்போதைக்கு ஒரு கதைப் புத்தகமும், அவளை ஒருநாள் உங்கள் வீட்டில் தங்கவைத்து உங்கள் மகளோடு விளையாட விடுவதும் போதும். சீட்டுக்குக் கொடுக்க நம் ஊரிலேயே பொருள் இருக்கிறது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் ஒன்று, ஒன்றே ஒன்று, அடியில் துணி ஒட்டினால் அடுப்படியில் சூடான பாத்திரம் வைக்க ஆகும். கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றிக் கையால் செய்வது, சூளையில் சுடுவதில்லை, அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு வருகிறது. சென்னைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். பனையோலையில் பின்னிய கொட்டான் கூடை இன்னொன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய எனாமல் கிண்ணங்கள் கிடைக்கும், ஆனால் பேரம் பேசத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு காலத்தில் யார் வீட்டுப் பெண்ணுக்கோ சீராகப் பரப்பி வைத்த சாமான்கள் அவை. அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்யும்.

பள்ளிக்கும் பக்கத்து வீட்டுக்கும் பலகாரம்

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு ஆச்சி தேன்குழலும் மாவுருண்டையும் தூக்கில் கொடுத்தனுப்பினார், தூக்கை வெறுமனே திருப்பக் கூடாது என்று காத்திருக்கிறேன் என்றீர்களே, அந்தப் பழக்கம் உங்கள் பட்டியல் மாதிரி இல்லை. அவரவர் அடுப்பில் முடிந்ததை அவரவர் கொடுக்கிறார்கள். அதில் யாரும் தோற்பதில்லை. கடைக் கேக் வேண்டாம், அச்சுமுறுக்கு சுடுங்கள். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள். அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்குங்கள். முழுக்க முக்கினால் மாவு மேலே ஏறி மூடிக்கொள்ளும், எண்ணெயில் கழன்று விழாது. முதல் நாலைந்து முறுக்கு எப்படியும் ஒட்டும், பயப்படாதீர்கள், அச்சு பழகிவிடும். ஒரு கிலோ மாவுக்கு எண்ணெயும் சேர்த்து என் வீட்டுக் கணக்கில் 400 ரூபாய்க்குள் முடிகிறது. இரண்டு ஈடு போட்டால் பதினோரு டீச்சருக்கும் அக்கம்பக்கத்துக்கும் வரும். ஆச்சியின் தூக்கும் நிறையும்.

சீட்டு, படம், பலகாரம், ஞானப்பிள்ளை எல்லாம் சேர்த்து ஐயாயிரத்தைத் தாண்டாது. இந்த வருஷம் அதை எங்கிருந்து எடுப்பது என்று நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த வருஷத்துக்கு ஜனவரியிலேயே வங்கியில் 500 ரூபாய் தொடர்வைப்பு ஆரம்பித்தால் நவம்பருக்குள் 5,500 கையில் இருக்கும். தெரு முனையில் யாரோ நடத்தும் பண்டிகைச் சீட்டில் போடாதீர்கள். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யாத சீட்டில் ஆள் ஓடிவிட்டால் பணத்தை மீட்பது பெரும்பாடு.

பிள்ளைகள் ஏங்கிப்போவார்களே என்கிறீர்கள். போன வருஷ டேப் இப்போது எப்படி இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், திரை கீறி மாமியாரின் மாத்திரை டப்பாவுக்கு அடியில். அதே பிள்ளைகள் போன வருஷம் குடில் வைத்ததைப் பற்றி இன்னமும் பேசுகிறார்கள் என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இந்த வருஷம் குடிலை முழுக்க அவர்கள் பொறுப்பில் விடுங்கள். டிசம்பர் 12 வாக்கில் கொட்டாங்கச்சிகளில் மண் போட்டுக் கேழ்வரகை விதைக்கச் சொல்லுங்கள். பொழுதுக்கு இரண்டு தரம் தண்ணீர் தெளித்தால் 24க்குள் குடிலைச் சுற்றிப் பசும்புல் நிற்கும். சென்னைப் பிள்ளைகள் வந்ததும் களிமண்ணில் ஆடு செய்யும் வேலையை அவர்களுக்கு ஒதுக்கி வைக்கட்டும்.

அப்புறம், அந்த டிபன் கேரியரைப் பரணிலிருந்து இறக்கிப் பெட்டியைப் பிரித்துக் கழுவி வையுங்கள். அவர்கள் ஊருக்குக் கிளம்பும் அன்று மேல் அடுக்கில் அச்சுமுறுக்கு, கீழே ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்து ரயிலுக்குக் கொடுத்துவிடுங்கள். கேரியரைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.